இறால் விடியப்புறம் மேலே வந்தால்: தண்ணீரில் ஒட்சிசன் குறைவை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

எங்கள் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர், நிலாவெளியில் நுளம்புக் குடம்பியைத் தின்னக் கிணற்றுக்குள் கப்பி மீன் விட்டிருப்பவர், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சின்ன இறால் குட்டையோ நண்டுக் கூடோ வைத்திருப்பவர் எல்லோரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நேற்று நல்லாத்தானே இருந்தது, இண்டைக்கு ஏன் செத்துக் கிடக்குது?" கேட்ட கையோடு கடைக்குப் போய் நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ வாங்கி ஊற்றிவிடுகிறோம். மருந்துக்கு முன் மூச்சைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இறால், நண்டு, நத்தை, நீர்த்தெள்ளு போன்ற சின்ன உயிர்கள் சாவதற்கு வெகு முன்பே தங்கள் மூச்சுத்திணறலைக் காட்டிவிடுகின்றன. எந்த நேரத்தில், எந்த இடத்தில் பார்ப்பது என்று தெரிந்தால் பாதி உயிரையாவது காப்பாற்றலாம்.

சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 30 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் காற்றோடு நன்றாகக் கலந்து நின்றால் அதில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் பிடித்துவைப்பது 6.2 அளவுதான். 20 பாகையில் நன்னீருக்கு 9 வரும். அந்தக் குளிர் எங்கள் ஊர்க் குட்டைகளுக்கு வருவதில்லை. நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலோ லீற்றருக்கு 270 மில்லிகிராம் கிட்ட இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 லீற்றர் தொட்டியில் முழு அளவுக்குக் கரைந்திருந்தாலும் மொத்தம் 450 மில்லிகிராம்தான். ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றுக்குள் அடைபட்ட காற்றில் இருப்பதைவிடச் சற்றுக் கூட, அவ்வளவே. அந்தக் கையிருப்பை வைத்துத்தான் மீன், இறால், நத்தை, செடி, அடியில் அழுகும் தீனி, அதைச் சிதைக்கும் பக்ரீரியா எல்லாம் ஓர் இரவைக் கழிக்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கையிருப்பு குறையும். செலவோ கூடும்: தண்ணீர் 10 பாகை சூடானால் இந்த உயிர்களின் ஒட்சிசன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவை சுகமாக இருக்கும். 3க்குக் கீழே இறங்கினால் இறால் தீனியில் அக்கறை காட்டாது. 2 என்பது கடல் ஆய்வாளர்கள் "ஒட்சிசன் குறைந்த நீர்" என்று கோடு போடும் இடம். ஓடித் தப்பக்கூடியவை அங்கிருந்து ஓடும். 1க்குக் கிட்டப் போனால் சாவு தொடங்கிவிட்டது என்று வையுங்கள். இனத்துக்கு இனம் இது மாறும். விரால் மீனும் பனையேறி மீனும் வெளிக்காற்றை இழுக்கத் தெரிந்தவை, அவற்றுக்கு இந்தக் கணக்கு வேறு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்வது

ஒட்சிசன் மோட்டரை, அதாவது தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடும் மோட்டரை, முழு வேகத்தில் போடுங்கள். மோட்டர் இல்லையென்றால் சுத்தமான கோப்பையால் தொட்டித் தண்ணீரையே அள்ளி ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். தீனியை நிறுத்துங்கள். தண்ணீருக்குள் வேறெதையும் போடாதீர்கள். அரை மணிநேரம் முதல் ஒரு மணிநேரம் வரை பாருங்கள்.

மேலே நின்றவை கீழே இறங்கி, செவுள் மூடி அடிக்கும் வேகம் தணிந்தால் குறை ஒட்சிசனில்தான் இருந்தது. அவ்வளவு காற்றடித்தும் அதே திணறல் தொடர்ந்தால் சந்தேகத்தை அமோனியா, நைத்திரைற்று, குளோரீன், செவுள் ஒட்டுண்ணி பக்கம் திருப்புங்கள். நைத்திரைற்று ஏறினால் தண்ணீரில் ஒட்சிசன் இருந்தும் மீனின் இரத்தம் அதைச் சுமக்க முடியாமல் போகும், செவுள் சிவப்பு மங்கிக் கபிலமாகத் தெரியும். இந்த ஒரு பரிசோதனைக்குச் செலவு இல்லை, கருவி தேவையில்லை, தொட்டியில் பிழையாகச் செய்தாலும் யாருக்கும் தீங்கில்லை. மழைக்குப் படை பிரிந்த குட்டையும் கறுப்புச் சேறும் மட்டும் விலக்கு, அவற்றைக் கீழே சொல்கிறேன். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

"விடியப்புறம் எல்லாம் மேல நிக்குது, பத்து மணிக்குப் பார்த்தா ஒண்டும் இல்ல"

அடிக்கடி வருவதும், அடிக்கடி பிழையாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பகலில் பார்ப்பவருக்குத் தண்ணீர் பச்சையாக, உயிரோட்டமாகத் தெரியும். அந்தப் பச்சைதான் காரணம்.

பாசியும் செடியும் வெயிலில் ஒட்சிசனை வெளியிடும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குப் பச்சைக் குட்டையில் அளந்தால் லீற்றருக்கு 12 மில்லிகிராமைத் தாண்டியும் காட்டலாம். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும். செடியின் மூச்சு நிற்காது. இரவு முழுக்கச் செடி, பாசி, மீன், சேறு எல்லாம் ஒரே கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகக் குறைந்த அளவு சூரியன் எழுவதற்குச் சற்று முன், அதாவது நாலரையிலிருந்து ஆறு மணிக்குள் வரும். மதியம் அளந்துவிட்டு "ஒட்சிசன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை.

அயலில் ஓர் அக்கா சீமெந்துத் தொட்டியில் நன்னீர் இறால் வைத்திருந்தார். இரண்டு மூன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. "தம்பி, என்ன மருந்து போடுறது?" என்று கேட்டார். "மருந்து இருக்கட்டும் அக்கா, நாளைக்கு விடியப்புறம் ரோச் அடிச்சுப் பாருங்கோ" என்றேன். அடுத்த நாள் இருட்டோடு நானும் போனேன். தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றி வரிசையாகச் செம்மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் கண்கள் மின்னின. பகலெல்லாம் கல்லுக்கு அடியில் கிடக்கும் இறால்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மீசை தண்ணீருக்கு வெளியே நீட்டி, வாலைக் கீழே தொங்கவிட்டு நின்றன. வெளிச்சம் பட்டும் துள்ளவில்லை. துள்ளாத இறால்தான் கவனிக்க வேண்டிய அடையாளம். நலமாக இருக்கும் இறால் ரோச் வெளிச்சத்துக்குப் பின்னோக்கிப் பாய்ந்து மறையும். தொட்டியின் முக்கால்வாசி மேற்பரப்பை சல்வீனியா மூடியிருந்தது.

சல்வீனியா, ஆற்றுவாழை போன்ற மிதக்கும் செடிகள் இரு பக்கமும் கெடுக்கும். காற்றிலிருந்து தண்ணீருக்குள் ஒட்சிசன் இறங்கும் வாசலை மூடுகின்றன. கீழே பாசிக்கு வெளிச்சம் போகாமலும் தடுக்கின்றன. அவை வெளியிடும் ஒட்சிசனில் பெரும்பகுதி மேலே காற்றோடு போய்விடும். பாதிக்கு மேல் அள்ளி வெளியே போடுங்கள். அள்ளியதைக் கரையிலேயே குவிக்காமல் தூரக் கொண்டுபோங்கள், மழைக்கு அழுகித் திரும்பத் தண்ணீருக்குள்ளேயே வடியும்.

பச்சைத் தண்ணீராக இருந்தால், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். 30 சென்ரிமீற்றருக்குள் மறைந்தால் பாசி மிதமிஞ்சிவிட்டது. உரத்தை நிறுத்துங்கள், தீனியைக் குறையுங்கள், தண்ணீரில் ஒரு பங்கை மாற்றுங்கள், இரவு மோட்டரைக் கட்டாயம் ஓடவிடுங்கள். சிலர் மின்கட்டணத்துக்குப் பயந்து பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்துகிறார்கள். பச்சைத் தண்ணீருக்கு அது தலைகீழ். ஒன்றுதான் முடியுமென்றால் நள்ளிரவிலிருந்து காலை ஏழு வரை ஓடட்டும்.

பாசிப் பச்சை இரண்டொரு நாளில் திடீரெனக் கபிலமாகவோ தெளிவாகவோ மாறினால் சந்தோஷப்பட வேண்டாம். பாசி மொத்தமாகச் செத்திருக்கிறது. செத்த பாசி அழுக ஒட்சிசன் செலவாகும், உற்பத்தி செய்ய ஆள் இல்லை. அடுத்த இரண்டு மூன்று இரவுகள்தான் ஆபத்தானவை.

"பகலும் இரவும் வாயைத் திறந்தபடி மேலதான் நிக்குது"

நேரத்தோடு மாறாத திணறலுக்கு வேறு காரணங்கள் உண்டு. மீனும் இறாலும் அளவுக்கு மேல் நெருக்கும் தொட்டி, தகரக் கூரைக்குக் கீழே கொதிக்கும் தொட்டி, எண்ணெய்ப் படலம் மிதக்கும் தொட்டி, அடியில் தீனி அழுகிக் கிடக்கும் தொட்டி. கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் வெளித் தொட்டிகள் சாதாரணமாக 32, 33 பாகைக்கு ஏறும். தென்னோலையால் நிழல் போடுவது மோட்டர் வாங்குவதைவிட மலிவு, அதைவிடப் பலன் குறைந்ததும் இல்லை. பகலில் காற்று தண்ணீரை அசைத்துக்கொண்டிருக்கும். காற்று விழுந்து புழுங்கும் இரவுதான் கவனம்.

கப்பி மேலே வந்து வாயைத் தண்ணீர்த் தோலோடு ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்துக் காற்றைக் குடிக்கிறது என்கிறார்கள். அது குடிப்பது காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் மேல் மெல்லிய படைத் தண்ணீரை. அங்கே மட்டும் கொஞ்சம் ஒட்சிசன் மிச்சமிருக்கும். மேல்நோக்கிய வாயும் தட்டையான தலையும் கப்பிக்கு இதில் உதவுகின்றன. அடியில் வாழும் இறாலுக்கு அந்த வசதி இல்லை. அதனால் கப்பி சமாளித்துக்கொண்டிருக்கும் தொட்டியில் இறால் செத்திருக்கும்.

ஒட்சிசன் மோட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. குமிழியிலிருந்து நேராகக் கரைவது கொஞ்சம்தான். குமிழிகள் மேலெழும்போது அடித்தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்து மேற்பரப்பைப் புரட்டுவதே பெரிய வேலை. எனவே குழாய் முனையிலுள்ள குமிழிக் கல்லை அடியில் வையுங்கள், மேற்பரப்பு தெளிவாகக் குலுங்குகிறதா என்று பாருங்கள். பத்துக் குமிழி அழகாக ஏறித் தண்ணீர் அசையாமல் நின்றால் அந்த மோட்டர் போதாது.

செத்த மீனையும் பாருங்கள். வாய் திறந்து, செவுள் மூடி விரிந்து கிடந்தால் மூச்சுத்திணறல் என்று நினைக்க இடமுண்டு. ஒரு குட்டையில் பெரிய மீன்கள் முதலில் செத்துச் சிறியவை தப்பியிருந்தால் பெரும்பாலும் ஒட்சிசன். சிறியவை முதலில் செத்தால் நஞ்சு பக்கம் யோசியுங்கள். உறுதியான விதி என்று சொல்லமாட்டேன். விடிகாலை நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் நல்ல துப்பு.

"நத்தை எல்லாம் சுவரில ஏறிட்டுது, நண்டு வெளிய வந்து நுரை தள்ளுது"

நத்தை தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஏறி ஒட்டிக்கொண்டால் கீழே ஏதோ சரியில்லை. சில நத்தைகளுக்கு நுரையீரல் போன்ற அறை உண்டு, அவை சாதாரணமாகவே மேலே வந்து காற்றெடுத்துப் போகும். ஒன்றிரண்டு ஏறுவது செய்தியல்ல, ஒரே இரவில் எல்லாம் ஏறுவதுதான் செய்தி.

சேற்று நண்டு செவுள் ஈரமாக இருக்கும்வரை வெளிக்காற்றில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் கெட்டால் கூட்டின் மேல் கம்பிக்கு ஏறி, செவுள் அறையிலுள்ள நீரையே திரும்பத் திரும்பச் சுழற்றிக் காற்றோடு கலக்கும். வாயோரம் காணும் நுரை அதுதான். நுரையைக் கண்டு நோய் என்று பயப்பட வேண்டாம், கூட்டை நீரோட்டமுள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். முழுக்க மூழ்கிய கூட்டுக்குள் இருக்கும் நண்டுக்கு ஏறவும் வழியில்லை. கூட்டின் மேற்பகுதி நாலு விரல் அளவாவது வெளியே நிற்கும்படி கட்டுவது நல்லது.

களப்பு ஓரத்திலும் இதைப் பார்க்கலாம். நண்டும் இறாலும் சின்ன மீனும் ஒரு விடியலில் கரையோரம் ஒதுங்கி, கைக்கு எட்டும் தூரத்தில் அசையாமல் நின்றால் ஆழப் பகுதியில் மூச்சு இல்லாமல் ஓடிவந்திருக்கின்றன. அமெரிக்காவின் மொபைல் குடாவில் கோடைகால விடியல்களில் இப்படி நடப்பதை அங்குள்ளவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அடிச்சேற்றில் புதைந்து வாழும் சிப்பியும் புழுவும் சேற்றுக்கு மேலே வந்து கிடந்தால் இன்னும் மோசம். ஓட முடியாதவை கடைசியாகச் செய்வது அது. தம்பலகாமம் குடாவில் ஒரு காலத்தில் முத்துக்காகவே எடுக்கப்பட்ட மெல்லோட்டுச் சிப்பி இப்படிச் சேற்றுத் தரையில் வாழ்வதுதான். அது ஓட்டை மூடிக்கொண்டு சில காலம் ஒட்சிசன் இல்லாமலே சமாளிக்கும், ஆனால் எவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருக்க முடியும்? கரைக்கு ஒதுங்கிச் செத்தவற்றை அள்ளிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம். மூச்சுத்திணறலா நஞ்சா என்று அந்த இடத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடற்றொழில் அலுவலகத்துக்கு நேரம், இடம், செத்த இனங்கள் மூன்றையும் சொல்லுங்கள்.

"தண்ணித் தெள்ளு சிவந்து போச்சு"

குஞ்சு மீனுக்குத் தீனியாக நீர்த்தெள்ளு வளர்ப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். கண்ணாடிக் குவளையில் அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தால், கடுகைவிடச் சிறிய உடம்புகள் நிறமில்லாமல் துள்ளித் துள்ளி ஏறுவது தெரியும். ஒட்சிசன் குறைந்த வாளியில் அதே உயிர்கள் சில நாட்களில் இளஞ்சிவப்பாகும், பிறகு செம்மண் நிறத்துக்கு வரும். அவை தங்கள் உடம்பில் ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்கின்றன, எங்கள் இரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே வகைப் பொருள். அடிச்சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களின் நிறமும் இதனால்தான். இறாலுக்கும் நண்டுக்கும் இது முடியாது. அவற்றின் இரத்தம் செம்பு சேர்ந்த ஈமோசயனினை நம்பியது, ஒட்சிசன் ஏறினால் இளநீலம், இறங்கினால் நிறமில்லை.

சிவந்த தெள்ளு சாகப்போகிறது என்று அர்த்தமில்லை; சமாளிக்கிறது. ஆனால் அந்தச் சமாளிப்புக்கு விலை உண்டு. வளர்ச்சி மெதுவாகும், குஞ்சு குறையும். வாளியில் தீனியாகப் போடும் ஈஸ்ற்றைப் பாதியாக்குங்கள், அடியில் படிந்ததை உறிஞ்சி எடுங்கள், பெரிய குமிழியாக மெதுவாகக் காற்று விடுங்கள். நுண்ணிய குமிழி தெள்ளின் ஓட்டுக்குள் சிக்கி அதை மேலே மிதக்கவிட்டுவிடும்.

இந்த இடத்தில் கிணற்றுக் கப்பியையும் சொல்ல வேண்டும். கிணற்றிலோ தொட்டியிலோ கப்பி எல்லாம் செத்து, நுளம்புக் குடம்பி மட்டும் நெளிந்துகொண்டிருந்தால் அது தற்செயல் இல்லை. குடம்பி வால்பக்கக் குழாயை மேலே நீட்டி வெளிக்காற்றில் மூச்சு விடுகிறது. தண்ணீரில் ஒட்சிசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். மீனைக் கொல்லும் தண்ணீர் குடம்பிக்கு எதிரி இல்லாத வீடாகிறது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த வேலையில் குடம்பி தின்னும் மீன்களுக்கும் பங்குண்டு. டெங்கு இன்னும் எங்கள் வாசலில் நிற்கிறது. ஆகவே செத்த கப்பிக்குப் பதில் புதுக் கப்பி விடுமுன் ஏன் செத்தது என்று பாருங்கள்: மூடிய தொட்டியா, இலை விழுந்து அழுகுகிறதா, வெள்ளத்துக்குப் பிறகு பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிணற்றுக்குக் குளோரீன் போட்டாரா? குளோரீன் போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் முன்னாலேயே வாளியில் பிடித்து வையுங்கள்.

"இறால் தீனி எடுக்குதில்ல, உடம்பு வெள்ளையாப் போகுது"

ஒட்சிசன் குறைவு எப்போதும் ஓர் இரவில் கொல்வதில்லை. லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கும் 4 மில்லிகிராமுக்கும் இடையில் நாட்கணக்காக நின்றால் மெதுவாகத் தின்னும். முதலில் தீனித் தட்டில் மிச்சம் விழும். மிச்சம் அழுகி இன்னும் ஒட்சிசனைக் குடிக்கும். பிறகு இறாலின் வால் தசை கண்ணாடி போன்ற தெளிவை இழந்து பால்வெள்ளையாகும். அதிர்ச்சி, வெப்பம், நெரிசல் எதனாலும் தசை வெளுக்கலாம். சில நோய்களிலும் வெளுக்கும். காற்றடித்த சில மணிநேரத்தில் தெளிந்தால் நோய்ப் பயத்தைத் தள்ளி வைக்கலாம்.

ஓடு கழற்றும் நேரம்தான் ஆகப் பலவீனமான நேரம். அப்போது ஒட்சிசன் தேவை கூடும், உடம்போ மெத்தென்று அசைய முடியாமல் கிடக்கும். காலையில் மென்மையான ஓட்டோடு செத்த இறால்கள், பக்கத்தில் புதிதாகக் கழற்றிய ஓடுகள் என்று கண்டால் இரவு ஒட்சிசனைத்தான் முதலில் கேளுங்கள். முட்டை சுமக்கும் பெண் இறால் வயிற்றுக் கால்களால் ஓயாமல் விசிறுவதும் முட்டைக் குலையின் நடுவுக்கு மூச்சு அனுப்பத்தான். தண்ணீரில் இல்லாததை எவ்வளவு விசிறினாலும் அனுப்ப முடியாது, முட்டையை உதறிவிடும்.

நோய் உண்மையிலும் வரும், ஆனால் பின்னால் வரும். நெடுநாள் மூச்சுக் குறைவு இறாலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து விப்ரியோ போன்ற பக்ரீரியாக்களுக்கு வழிவிடும். ஆய்வுகூடம் விப்ரியோ என்று எழுதித் தந்தாலும் கதை அங்கே தொடங்கியிருக்காது.

"பெருமழைக்கு அடுத்த நாள் எல்லாம் மிதக்குது"

ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடை மழைக் காலம். இதில் மூன்று விதமாகக் கெடும்.

ஒன்று, மூன்று நாள் தொடர்ந்து முகில் மூடினால் பாசிக்கு வெயில் இல்லை. ஒவ்வொரு நாளும் பிற்பகல் உச்சம் குறையும், விடியல் அளவும் முந்தைய நாளைவிடக் கீழே போகும். மூன்றாம் நாள் விடிகாலை ஆபத்து.

இரண்டு, குளிர்ந்த மழைநீர் குட்டையின் சூடான தண்ணீரைப் புரட்டி, அடியில் கிடந்த ஒட்சிசன் இல்லாத நீரையும் சேற்றையும் மேலே கொண்டுவரும். தண்ணீர் நிறம் ஒரே இரவில் கறுத்துப்போகும்.

மூன்று, களப்புக்கும் உவர்க் குட்டைக்கும் உரியது. மழைநீர் இலேசு, உப்புநீர் கனம். இரண்டும் கலக்காமல் மேலே நன்னீர், கீழே உவர்நீர் என்று படையாக நிற்கும். கீழ்ப்படைக்குக் காற்றோடு தொடர்பு அறுந்துவிடும், சேறோ ஒட்சிசனைக் குடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, கடல் தானாக வந்து கலக்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஆற்றுவாய் மணலால் அடைபட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். வயல்வெளியிலிருந்து வரும் உரம் கலந்த முதல் வெள்ளமும் சேர்ந்தால் பாசி பெருகி, செத்து, அடியில் அழுகும்.

குட்டைக்காரர் செய்யக்கூடியது: மழைக்கு முன்னாலேயே தீனியைக் குறைத்தல், மேல் நன்னீரை மேல்மட்ட மதகால் வெளியேற்றல், தண்ணீரை அடித்துக் கலக்கும் துடுப்புச் சில்லை மழை தொடங்கும்போதே ஓடவிடல். படை பிரிந்து நெடுநேரம் ஆனபின் திடீரென முழு வேகத்தில் கலக்கினால் அடி நஞ்சும் சேர்ந்து மேலே வரும். அளக்கும்போது அடியில் அளவுங்கள். இறால் வாழ்வது அங்கேதான்.

"புதுத் தண்ணி விட்ட உடனயே திணறத் தொடங்கிட்டுது"

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன் செவுளைச் சுட்டிருக்கும். ஒரு நாள் திறந்த பீப்பாவில் காற்றடித்து வைத்திருந்துவிட்டு விடுங்கள், அவசரமென்றால் மீன்கடையில் கிடைக்கும் குளோரீன் நீக்கியை அளவோடு போடுங்கள். குழாய்க் கிணற்று நீர் என்றால் அது மண்ணுக்குள் காற்றைக் காணாமல் கிடந்து வந்தது. குளிர்ச்சியாகத் தெளிவாக இருக்கும், ஆனால் ஒட்சிசன் மிகக் குறைவாகவும் காபனீரொட்சைட்டு கூடவும் இருக்கலாம். வாளியில் நின்று கொஞ்ச நேரத்தில் துரு நிறம் படிந்தால் இரும்பும் உண்டு, அந்த இரும்பு துருவாகும்போதும் ஒட்சிசன் செலவாகும். குழாய் வாயில் ஓட்டை போட்ட தகரத்தையோ பூவாளித் தலையையோ மாட்டி, தண்ணீர் தூறலாக விழும்படி செய்யுங்கள்.

"அழுகின முட்டை மணம், அடி கறுப்பு"

ஒட்சிசன் முழுதாகத் தீர்ந்த சேற்றில் ஐதரசன் சல்பைட்டு உருவாகிறது. அதுவே நஞ்சு. கறுப்புச் சேற்றைக் கிளறாதீர்கள், காலை விட்டு நடக்காதீர்கள், தண்ணீர் இறைக்கும் குழாயை அடியில் போடாதீர்கள். உயிர்களை முதலில் வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். சேற்றைப் பிறகு வற்றவிட்டு வெயிலில் காயவிடலாம்.

"மருந்து போட்ட பிறகுதான் கூடச் செத்தது"

ஃபோர்மலின் 5 மில்லிகிராம் ஒரு மில்லிகிராம் ஒட்சிசனைக் குடிக்கும். பாசிக்கொல்லி பாசியைக் கொன்று அழுகவிடும். மூச்சுத் திணறும் உயிருக்கு இவற்றைக் கொடுப்பது இருந்ததையும் பறிப்பது. மருந்து தேவைப்பட்டாலும் காற்றடித்தபடியே, காலை வெயில் ஏறிய பிறகு கொடுங்கள்.

மின்வெட்டு

2022 இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றரியில் ஓடும் சின்ன ஒட்சிசன் மோட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். தொட்டியை முக்கால்வாசி மட்டும் நிரப்புவதும், அகலமான தொட்டியைத் தேர்வதும் உதவும்: ஆழத்தைவிட மேற்பரப்பின் பரப்பே மூச்சைத் தீர்மானிக்கிறது. இறால் குஞ்சைப் பொதியில் கொண்டுபோகும்போதும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒட்சிசன். தண்ணீரை நிரப்பினால் வழியிலேயே முடிந்துவிடும்.

அளந்து பார்க்க

மின் அளவி விலை கூட. துளி விட்டு நிறம் பார்க்கும் பெட்டி வீட்டுக்குப் போதும். அதன் மூலம் ஹங்கேரிய இரசாயனவியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888 இல் தந்த முறை. குமிழி இல்லாமல் நிரப்பிய சின்னப் போத்தலுக்குள் மங்கனீசு உப்பும் காரமும் விட்டு மூடிக் கவிழ்த்தால் புகை போல ஒரு வீழ்படிவு சுருண்டு இறங்கும். கபிலமாக இருந்தால் ஒட்சிசன் உண்டு, எவ்வளவு அடர் கபிலமோ அவ்வளவு கூட. வெள்ளையாகவே நின்றால் அந்தத் தண்ணீரில் ஒட்சிசன் இல்லை. மாதிரி எடுக்கும்போது போத்தலைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி, அங்கேயே மூடுங்கள். எடுத்த இடத்திலேயே செய்யுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மத்தியானம் அளந்தால் அது போத்தலின் கதை, குட்டையின் கதை இல்லை.

தப்பியவை அடுத்த நாளே பழைய நிலைக்கு வராது. செவுளும் தசையும் தேற நாள் எடுக்கும், இரண்டு மூன்று நாள் கழித்தும் சில சாகும். அந்த நாட்களில் தீனியைப் பாதியாகவே வையுங்கள், செத்ததை உடனே எடுங்கள், விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு முறை ரோச்சோடு போய் ஓரங்களைப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று விடியல் ஓரம் வெறுமையாக இருந்தால் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.